ஜன்னலைத் திறந்தால் ஏரி!

டூர் கம்பெனிக்காரர்கள் எழுதுகிற தமிழுக்குத் தனியாக ஓர் அகராதி போட வேண்டும் சார்! ‘அமைதியான சூழல்’ என்றால் ஆட்டோ வராது. ‘இயற்கையோடு இணைந்த அறை’ என்றால் பாத்ரூமில் தவளை இருக்கும். ‘வீட்டுச் சாப்பாடு’ என்றால் காலையில் உப்புமா, ராத்திரி அதே உப்புமாவுக்கு வேறு சட்னி. எல்லாவற்றுக்கும் கீழே ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று எறும்பு சைஸில் ஒரு வரி ஊர்ந்து போகும் பாருங்கள்... அந்த ஒரு வரிக்கு மட்டும் அர்த்தம் மாறவே மாறாது.

இந்த அகராதியில் எனக்கு நெருக்கமான பதம், ‘ஏரியைப் பார்த்த அறை’. அதற்காக நான் கூடுதலாகக் கொடுத்த தொகை பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதை எப்படித் திருப்பி வாங்கினேன் என்பதையும், போகிற போக்கில் கொடைக்கானலையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா இருந்தவரை ஒவ்வொரு மே மாதமும் அம்மாவிடம், “அடுத்த வருஷம் கட்டாயம் கொடைக்கானல்!” என்பார். இருபத்தாறு வருஷம் தவறாமல் சொன்னார். பிறகு அவரும் இல்லை. அம்மாவுக்கு முட்டியும் இல்லை. அதாவது, முட்டி இருக்கிறது, மடங்காது. அதனால், 2024 மே மாதம் நான், என் மனைவி, அம்மா மூவருமாகக் கொடைக்கானல் போவது என்று முடிவானபோது, அம்மா வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். “என்னால சுத்தி நடக்க முடியாதுடா. ரூம்ல ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டா போதும். ஏரியப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பேன்.”

அதே வாரம் ஒரு கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது. (வெளியூர்க் கம்பெனி. பெயர் வேண்டாம்.) ‘ஜன்னலைத் திறந்தால் ஏரி!’ என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் ஏரி போட்டோ. சாதாரண அறை என்றால் மூன்று நாளுக்குத் தலைக்கு 5,700 ரூபாய். ஏரியைப் பார்த்த அறை என்றால் 9,200. சாப்பாடு உண்டு, வண்டி உண்டு. பேரிஜம் ஏரிக்குத் தலைக்கு 500 தனி. கூடவே, ‘குணா குகைக்குள் திகில் பயணம்’, ‘குறிஞ்சி மலர் தரிசனம்’.

அம்மாவின் ஜன்னலுக்காக ஏரி அறையே போட்டேன். பேரிஜம் சேர்த்து மொத்தம் 29,100 ரூபாய். பணம் கட்டிய ரசீது, விளம்பரம், வாட்ஸப்பில் ‘லேக் வியூ ரூம் கன்ஃபர்ம்டு சார்’ என்று வந்த செய்தி எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்தேன். நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். டீ வாங்கின பில்லைக்கூட வருஷக் கடைசிவரை வைத்திருக்கிற ஜாதி!

*

கொடை ரோடு ஸ்டேஷனில் விடியற்காலையில் இறங்கினால், மலை உச்சிக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர் இருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டியதும் புளியமரங்கள் பின்னால் போய், வாழையும் காப்பியும் வந்து, காதில் ‘டப்’பென்று அடைப்பு விழும். அப்போது மலை ஏறுகிறோம் என்று அர்த்தம்.

பாதி வழியில் வண்டியை நிறுத்தினார்கள். “இ-பாஸ் எங்கே?”

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ம் தேதி முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் வாங்கித்தான் வர வேண்டும் என்று ஆகியிருந்தது. நாங்கள் போனது அந்த வாரமே. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்தேன். ‘எல்லா ஏற்பாடுகளும் எங்கள் பொறுப்பு’ என்பது விளம்பரத்தின் எட்டாவது வரி.

“கம்பெனியில ஒண்ணும் சொல்லலையே சார்!” என்றார் டிரைவர். நல்ல மனுஷன். அவர் மேல் தப்பில்லை. என் மனைவி செல்போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்து, சிக்னல் கிடைத்த இடத்தில் அப்படியே சிலையாக நின்று பாஸ் வாங்கினாள். காசு கிடையாது, விவரம் கொடுத்ததும் வந்துவிட்டது.

மேலே ஏறினால் வெள்ளி நீர்வீழ்ச்சி. கொடைக்கானலுக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால், ரோட்டோரமாகவே 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் இங்கே அருவியாகிறது. இந்தத் தகவலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அருவியைத் தாண்டி ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். வண்டி சடாரென்று ஒரு மண் ரோட்டில் திரும்பி நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“ரூம் வந்துடுச்சு சார்.”

“ஏரி?”

“அது இன்னும் ஏழு கிலோமீட்டர் மேல போகணுமே!”

ரோட்டிலிருந்து அறைக்கு இறங்க நாற்பத்திரண்டு படிகள். எண்ணினேன். அம்மா முதல் படியிலேயே பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் இறங்கிப் போய் அறையைத் திறந்து, ஜன்னலையும் திறந்தேன்.

தண்ணீர் இருந்தது. ஆயிரம் லிட்டர். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில்!

மேனேஜரைக் கூப்பிட்டேன். இளைஞர். மஃப்ளர் கட்டியிருந்தார்.

“என்னங்க இது? ஏரியக் காணோமே?”

“வர்ற வழியில ஃபால்ஸ் பாத்தீங்களா சார்?”

“பார்த்தோம்.”

“அது எந்தத் தண்ணி சார்? ஏரித் தண்ணி! ஏரி ரொம்பி வழியறதுதான் அங்க விழுது. அப்ப நீங்க ஏரியப் பாத்தாச்சுல்ல?”

பூகோளத்தை இப்படி உபயோகிக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. கோபம் தலைக்கு ஏறியது. மேலேயிருந்து அம்மாவின் குரல்: “விடுடா... மலைக்கு வந்துட்டு சண்டை எதுக்கு? தொட்டியும் தண்ணிதானே!”

அந்தக் குரலில் வருத்தம் இல்லாத மாதிரி பேச அம்மா பட்ட பாடு இருக்கிறதே... இருபத்தாறு வருஷம் அப்பாவிடம் பழகிய குரல் அது. அங்கேதான் தீர்மானித்தேன், இந்தப் பணத்தை விடுவதில்லை என்று.

சத்தம் போடவில்லை. ஜன்னல், தொட்டி, படிகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். தொட்டிக்கு முன்னால் அந்த விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு மனைவி போஸ் கொடுத்தாள். பிறகு, ‘எங்கள் விடுதி அறைகளிலிருந்து ஏரி தெரியாது. ஏரி இங்கிருந்து ஏழு கி.மீ.’ என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி மேனேஜரிடம் நீட்டினேன். “உண்மைதானே தம்பி? ஆபீஸ்ல லீவு கணக்குக்குக் காட்டணும்” என்றேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கேட்காமலேயே விடுதி முத்திரையும் குத்திக் கொடுத்தார். வவுச்சரில் கையெழுத்து வாங்குவது எங்கள் செக்‌ஷனில் மூச்சு விடுகிற மாதிரி!

*

மறுநாள் காலை, கம்பெனி வண்டியில் ‘திகில் பயணம்’.

குணா குகைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘பிசாசின் சமையலறை’. 1991-ல் கமலின் ‘குணா’ படம் அங்கே எடுத்த பிறகு பெயரே மாறிவிட்டது. 2006-ல் கேரளத்திலிருந்து வந்த நண்பர்கள் குழுவில் ஒருவர் உள்ளே விழ, இன்னொருவர் கயிறு கட்டி இறங்கி மீட்டார். அந்தச் சம்பவத்தை வைத்து வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024 பிப்ரவரியில் வெளியாகி சக்கைப் போடு போட்டதால், நாங்கள் போனபோது குகை வாசலில் திருவிழாக் கூட்டம். குகைக்குள் இறங்க அனுமதி கிடையாது. கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். மரங்களின் வேர்கள் பாம்புக் கூட்டம் மாதிரி தரையெல்லாம் பின்னிக் கிடக்கின்றன. அதுவே போதும், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

“உள்ளே பயணம்னு போட்டிருக்கே?” என்றேன்.

“இதுதான் சார் உள்ளே. வேலிக்கு இந்தப் பக்கம்!” என்றார் டிரைவர். அவரும் மேனேஜரிடம் பாடம் படித்திருக்க வேண்டும்.

அடுத்து ‘குறிஞ்சி மலர் தரிசனம்’. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். கொடைக்கானல் மலையில் 2018-ல் பூத்தது. கணக்குப்படி அடுத்த பூ 2030-ல். நாங்கள் போனதோ 2024. வண்டி நேராகக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் போய் நின்றது. பெயரில் குறிஞ்சி இருக்கிறதே, போதாதா!

ஆனால், கோயில் அருமை. 1936-ல் கட்டியது. பின்பக்கம் போய் நின்றால், மேகம் விலகுகிற நேரத்தில் கீழே பழனி தெரிகிறது. அம்மா ரொம்ப நேரம் கும்பிட்டாள். என் ஃபைலை ஓரக்கண்ணால் பார்த்து, “இதையும் கணக்குல சேர்த்துடாதே. முருகன் தரிசனத்துக்கெல்லாம் பணம் திருப்பிக் கேக்கக் கூடாது” என்று கண்டிஷன் போட்டாள். அந்த ஐட்டத்தை அடித்துவிட்டேன்.

பேரிஜம்? ஊஹூம்! அது காட்டுக்குள்ளே இருக்கிற ஏரி. வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் வண்டியை விடுவார்கள். யானை நடமாட்டம் என்றால் அதுவும் கிடையாது. “பர்மிஷன் நீங்கதான் சார் வாங்கணும்” என்றார் டிரைவர். தலைக்கு ஐந்நூறு வாங்கியது அப்போது எதற்காம்?

அதோடு கம்பெனி வண்டிக்குக் கும்பிடு போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் 2,400 ரூபாய்க்கு ஒரு டாக்ஸி பேசினேன், ரசீதோடு. “எங்க சார்?” என்றார். “ஏரிக்கு” என்றேன்.

கொடைக்கானல் ஏரி தானாக உண்டானது இல்லை. 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. நட்சத்திர வடிவம் என்பார்கள். கரையில் நிற்கிற நமக்கு நட்சத்திரம் தெரியாது. திரும்புகிற இடத்திலெல்லாம் இன்னொரு ஏரி ஒளிந்திருக்கிற மாதிரி தெரியும். சுற்றிவர ஐந்து கிலோமீட்டர் ரோடு. வாடகை சைக்கிள், குதிரை, சுட்ட சோளம், மிளகாய்ப் பொடி தூவின மாங்காய். இதையெல்லாம் பார்க்க எந்த பேக்கேஜும் வேண்டாம்.

அம்மாவை ஏரியோரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தோம். நானும் மனைவியும் சைக்கிள் எடுத்து ஒரு சுற்று வந்தோம். திரும்பி வந்தபோதும் அம்மா அதே இடத்தில், கையில் பாதி தின்ற சோளத்தோடு, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போகலாமா என்று கேட்கவே மனசு வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: “உங்கப்பா சொன்ன மாதிரி பெருசாத்தான் இருக்கு. அவர் மட்டும் எப்ப வந்து பார்த்தாராம்?”

திரும்பும்போது கடைத்தெருவில் ஒரு கிலோ மலைப்பூண்டு வாங்கினாள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. உரித்தாலே வாசனை ஊரைக் கூட்டும்.

*

சென்னை திரும்பியதும் கம்பெனிக்குப் போன் போட்டேன். தேன் குரல் ஒன்று, “உங்க ஃபீலிங் புரியுது சார்!” என்றது. நாலு தடவை போன் பண்ணினேன். நாலு தடவையும் என் ஃபீலிங் புரிந்தது. ஐந்தாவது தடவை, அடுத்த டூரில் இரண்டாயிரம் ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். கோவாவுக்கு! மூன்று மாதத்துக்குள் போக வேண்டுமாம்.

இனி பேச்சு வேண்டாம், பேப்பர்தான் என்று உட்கார்ந்தேன். ஆபீஸில் செய்கிற மாதிரியே ஒரு ஸ்டேட்மென்ட். ஏரி அறைக்கும் சாதாரண அறைக்கும் உள்ள வித்தியாசம் தலைக்கு 3,500 வீதம் 10,500. போகாத பேரிஜத்துக்கு 1,500. ஏரியைப் பார்க்க நாங்களே வைத்த டாக்ஸி 2,400. ஆக மொத்தம் 14,400. சாப்பிட்ட உப்புமாவுக்கும், படுத்த கட்டிலுக்கும் ஒரு பைசா கேட்கவில்லை. மொத்தப் பணத்தையும் கேள் என்று நண்பர்கள் உசுப்பினார்கள். கணக்கு நியாயமாக இருந்தால்தான் எதிராளிக்கு வாய் அடைக்கும் என்பது என் கட்சி.

பதினைந்து நாள் கெடு வைத்து, விளம்பரம், போட்டோ, மேனேஜர் கையெழுத்துத் தாள் எல்லாவற்றின் நகலோடு ஸ்பீடு போஸ்டிலும் ஈ-மெயிலிலும் அனுப்பினேன். பதில் வந்தது: ‘ரசீதின் பின்பக்கத்தைப் பார்க்கவும்.’

பார்த்தேன். ‘செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. வழக்குகள் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை.’

இந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஃபைலை மூடிவிடுகிறார்கள். நான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்தேன். 1986-ல் வந்த பழைய சட்டம் போய், 2019-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. குறைபாடான சேவையைக் கொடுத்துவிட்டு, ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை என்கிறது அது. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கும் தனியாக விளக்கம் இருக்கிறது. அதைவிட முக்கியம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம்!

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து, எண் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்கிற ஆட்கள் இல்லை. பேசித் தீர்க்க வழி பண்ணுகிறவர்கள். நிறையப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். எனக்கு அரை வேலை முடிந்தது. கம்பெனி ஐயாயிரத்துக்கு இறங்கி வந்தது.

வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். மனைவி சொன்னாள்: “ஐயாயிரம்னா, முக்கால்வாசி ஏரி தெரிஞ்சுதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுங்க!”

2024 ஆகஸ்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். வீட்டிலிருந்தபடியே ‘இ-தாக்கில்’ இணையதளத்தில் பதிந்தேன். (2025 ஜனவரியிலிருந்து அந்த வேலையை ‘இ-ஜாக்ரிதி’ என்ற புதுத் தளம் பார்க்கிறது.) நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம்வரை என்றால் ஃபீஸ் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, நாமே பேசலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். புகார், பிரமாணப் பத்திரம், ஆவணங்களின் பட்டியல்... எல்லாம் நாம் ஆபீஸில் தினமும் செய்கிற வேலைதான். கேட்ட தொகை 14,400. மன உளைச்சலுக்கு 10,000.

நுகர்வோர் வழக்கை மூன்று மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா என்ற பெரியவர் எங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்வார், இங்கேயும் வந்தார். நான் இரண்டு அரை நாள் லீவு போட்டேன். எதிர்த்தரப்பு பதில் கொடுக்க முப்பது நாள் அவகாசம். ஆணையம் மனசு வைத்தால் இன்னும் பதினைந்து நாள். அதற்கு மேல் கிடையாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்சே அடித்துச் சொல்லிவிட்டது. கம்பெனிக்கு அது தெரிந்ததோ என்னவோ, கெடு முடிகிற நேரத்தில் அவர்கள் வக்கீல் என்னைத் தேடி வந்தார்.

வராந்தாவில் நின்றபடியே ஃபைலைப் புரட்டினார். தொட்டியின் முன்னால் விளம்பரத்தோடு நிற்கிற என் மனைவியின் போட்டோவில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மேனேஜரின் கையெழுத்து, முத்திரை. “இந்த முத்திரைய யாரு சார் குத்தச் சொன்னது?” என்றார் பரிதாபமாக.

சமாதானம் பேசினோம். 14,400 முழுசாக. அலைச்சலுக்கு ஐயாயிரம். ஆணையத்தின் முன் எழுத்தில் பதிவு செய்து, 2025 பிப்ரவரியில் 19,400 ரூபாய் என் கணக்கில் விழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் செக்‌ஷனில் மதிய சாப்பாட்டு வேளையில் என் மேஜைக்கு முன்னால் க்யூ. வாஷிங் மெஷின், செல்போன், கல்யாண மண்டப அட்வான்ஸ்... எல்லோரும் கதை சொல்கிறார்கள், கண்ணீரோடு. நான் கேட்கிற முதல் கேள்வி, “விளம்பரம் இருக்கா?” இரண்டாவது, “எழுத்துல கேட்டீங்களா?” முக்கால்வாசிப் பேர், “போன்ல நல்லா திட்டிட்டேன் சார்” என்கிறார்கள். திட்டுக்கு ரசீது கிடையாதே!

இந்த வருஷமும் அந்தக் கம்பெனியிலிருந்து வாட்ஸப்பில் விளம்பரம் வந்தது. என்னை லிஸ்டிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதே ஏரி போட்டோ. ஆனால், கொட்டை எழுத்து மாறியிருந்தது: ‘ஜன்னலைத் திறந்தால் இயற்கை!’

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “பரவாயில்லையே, இப்ப நிஜத்தச் சொல்றான்” என்றாள். பிறகு கேட்டாள்: “ஏண்டா, குறிஞ்சி எப்ப பூக்கும்னு சொன்னே?”

“2030-லம்மா.”

“அந்த அஞ்சாயிரத்தைத் தனியா எடுத்து வை.”